தங்கைக்கென்று ஒரு ரிங்டோன்

தங்கை மல்லிகேஸ்வரி அழைத்தால் மட்டும் குணசுந்தரியின் கைபேசி தங்கையின் குரலிலேயே கத்தும்: “அக்கோவ், எடு! எடுக்கலேன்னா வீட்டுக்கே வந்துருவேன்!” தங்கையே பேசிப் பதிவு செய்து வைத்த ரிங்டோன் அது. பேருந்தில் ஒலித்தால் ஓட்டுநர் வரை திரும்பிப் பார்ப்பார்கள்.

தங்கை மகளின் காதுகுத்து விழாவில் குணசுந்தரி ஒரு வார்த்தை சொல்லிவிட்டாள். அன்றோடு பேச்சு நின்றது. முதலில் கூப்பிடுவது யார் என்பதிலேயே மூன்று ஆண்டுகள் போய்விட்டன.

மற்றவர்கள் எல்லோருக்கும் ஒரே சாதாரண மணிதான். அதனால் அது அடித்தவுடனேயே, அழைப்பது தங்கை இல்லை என்று பார்க்காமலே தெரிந்துவிடும். ஒரு நாளைக்குப் பத்து முறை தெரிந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை காலை, வெங்காயம் உரித்த கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, குணசுந்தரி அந்த ரிங்டோனை நீக்கினாள்.

“நம்பரையும் அழிச்சிட்டியா?” என்றார் கணவர் தெய்வநாயகம்.

“அது இருக்கு. இனிமே எல்லாரையும் மாதிரி அடிக்கட்டும்.”

“கோவத்துக்கும் ஒரு அளவு வேணாமா சுந்தரி?”

“கோவமில்லீங்க.”

சற்று நேரத்தில், சமையல் மேடையில் கவிழ்த்து வைத்திருந்த கைபேசி அடித்தது. மூன்று ஆண்டுகளில் முதல்முறையாக, அழைப்பது தங்கையா இல்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை.

“எடேன்” என்றார் அவர்.

“இருங்க.”

மணி முழுவதும் அடித்து ஓய்ந்தது. குணசுந்தரி கைபேசியைத் திருப்பிப் பார்க்கவில்லை. எழுந்து போய் வாசல் கதவின் தாழ்ப்பாளை நீக்கிவிட்டு வந்தாள். பிறகு கூடையிலிருந்து இன்னும் இரண்டு வெங்காயம் எடுத்து உரிக்கத் தொடங்கினாள்.