அதே ஸ்லாட்

கம்ப்யூட்டரின் நினைவைத் தாங்கும் அந்த ரேம் அட்டைக்கு அலுத்துப் போயிருந்தது. வேலையின் நடுவே கம்ப்யூட்டர் நின்று திரை நீலமாகும் போதெல்லாம் சர்வீஸ்காரர் அதைத்தான் பிடுங்குவார். ரப்பரால் தேய்ப்பார். மதர்போர்டைக் குனிந்துகூடப் பார்க்காமல் அதே ஸ்லாட்டில் செருகுவார். இன்றைக்கும் நீலம் வந்தது. "இதுவும் போச்சு" என்று டிராயருக்குள் வீசிவிட்டார்.

உள்ளே இரண்டு பழைய ரேம்கள் கிடந்தன.

"குடுத்ததையெல்லாம் கெட்டியாப் புடிச்சுக்கத்தான் பாத்தேன். நிக்கலையே. நான் எதுக்கும் லாயக்கில்ல" என்று முனகியது ரேம்.

"நாங்களும் அப்படித்தான் நெனச்சோம்" என்றது ஒன்று. "ஆமா, எந்த ஸ்லாட்ல இருந்தே?"

"ஃபேன் பக்கத்துல. ஓரம் கருகியிருக்குமே, அதுல."

"நானும் அதுலதான்."

"நானும்" என்றது மற்றது.

ரேமுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "அப்போ நாம நல்லாத்தான் இருக்கோமா? அவர்கிட்ட யாராவது சொல்லக்கூடாதா?"

மேலே, புது ரேமின் கவரைக் கிழிக்கும் சத்தம் கேட்டது. பிறகு மூன்றும் ஆளுக்குக் கொஞ்சம் நகர்ந்து, நடுவில் இடம் விட்டன.