ஒரு மணிக்குச் சாமைச் சோறு

உள்ளே உலக்கைச் சத்தம் கேட்டதும் சென்றாயனுக்கு வயிறு பற்றி எரிந்தது.

மில்லில் அரைத்து வந்த சாமையரிசிக்கு உலக்கை எதற்கு? அது போன ஞாயிற்றுக்கிழமையே தீர்ந்துவிட்டது. இப்போது உரலில் விழுவது விதைச் சாமை. ஆடி விதைப்புக்கென்று வேப்பிலை போட்டு, வாய் கட்டி, அவர் எடுத்து வைத்திருந்த பானை.

அதுவும் போனால் இந்த வருஷம் காடு தரிசுதான்.

வாசலில் ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். கோடை லீவுக்கு வத்தல்மலை பார்க்க வந்த ஓசூர்க்காரர்கள். கொண்டை ஊசி வளைவுகளில் சுற்றி வந்ததில் ஒருவர் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிவிட்டார். யாரிடமும் வழி கேட்கவில்லை. நேராக வந்து கதவைத் தட்டினார்கள்.

மூன்று மாதமாக இதே கூத்து. சனி, ஞாயிறு தவறுவதில்லை. எப்படி வந்தீர்கள் என்றால் போனை நீட்டுகிறார்கள். எங்கே போவது, எங்கே நின்று போட்டோ எடுப்பது, எங்கே தின்பது, எல்லாவற்றையும் இப்போது ஏஐ திட்டம் போட்டுக் கொடுக்குமாம். ஊரில் நாற்பது வீடு இருக்க, அந்தச் சனியனுக்கு இவர் வீடுதானா கண்ணில் பட்டது?

விரட்டவும் வழியில்லை. வாசலில் வந்து சோறு கேட்டவரிடம் இல்லை என்ற சொல் அந்த வீட்டில் யார் வாயிலிருந்தும் வந்ததில்லை. சோற்றுக்குக் காசு வாங்குவதும் இல்லை. எல்லாம் மலைக்கு வருஷத்துக்கு நாலு பேர் வந்த காலத்து வழக்கம். மாற்றிவிடலாம்தான். ஆனால் அவருக்கு நாக்கு எழவில்லை.

மனைவி ராமக்காவிடம் சொல்லிப் பார்த்தார். அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. கார் சத்தம் கேட்டால் போதும், கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு ஓடிப்போய்ப் பாய் விரிக்கிறாள்.

இன்றைக்கு இதற்கு ஒரு முடிவு கட்டுவது என்று பலா மரத்தடியிலிருந்து எழுந்து வந்தார்.

"ஏம்மா, எங்க வூட்டப் பத்தி அதுல என்னதான் போட்டிருக்குது? படி, கேக்கறேன்."

காவியா என்று கூப்பிடப்பட்ட பெண் சிரித்தபடி போனைப் பார்த்து வாசித்தாள்.

"'மதியம் ஒரு மணி: ராமக்கா வீட்டில் சாமைச் சோறு, கொள்ளுக் கடைசல். முன்பே சொல்லத் தேவையில்லை. கதவு இறுக்கமாக இருக்கும், கொஞ்சம் தூக்கித் தள்ளவும். போதும் என்றால் அவர் கேட்க மாட்டார், இலையைக் கையால் மூடிக்கொள்ளவும்.'"

உள்ளே உலக்கை நின்றது.

"'வீட்டுப் பெரியவர் பலா மரத்தடியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கோபம் என்று நினைக்க வேண்டாம். கரடி துரத்திய கதையைக் கேளுங்கள், பேசிவிடுவார். வந்தவர்கள் சாப்பிடாமல் அவர் சாப்பிட மாட்டார். அதனால் சீக்கிரம் போய்ச் சேருங்கள்.'"

சென்றாயன் அப்படியே படியில் உட்கார்ந்தார்.

கரடிக்குப் பயந்து வேட்டியை விட்டுவிட்டு ஓடி வந்த கதையை ஊரிலா சொல்ல முடியும்? அவர் அதைச் சொன்னது ஒருவனிடம்தான். சின்ன வயதில் அந்தக் கதை இல்லாமல் அவன் தூங்க மாட்டான்.

முருகேஷ். ஒரே மகன். நாலு வருஷத்துக்கு முன்பு, ஊரார் முன்னால் அப்பன் கைநீட்டிவிட்டார் என்று, கிணற்றுக்குப் போர் போடுகிற லாரியில் ஏறி வடக்கே போனவன். போன் நம்பரையும் மாற்றிவிட்டான். அவன் பேரை இந்த வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது என்று சொன்னதும் இவர்தான். உயிரோடு இருக்கிறானா என்பது கூடத் தெரியாது.

"இத எழுதுனது யாரு தாயி? எப்ப எழுதுனான்?"

"அதெல்லாம் காட்டலைங்க ஐயா. அங்கங்க யார் யாரோ எழுதி வெச்சத எல்லாம் சேத்து அதுவே சொல்லுதுங்க."

ராமக்கா உலக்கையைப் பிடித்தபடி நிலையருகே நின்றாள்.

"அவன் எழுதுனதுன்னு எனக்கு மொத வாரமே தெரியும். வர்றவங்கள எல்லாம் படிக்கச் சொல்லிட்டுத்தான் சோறு போடறேன். ஒவ்வொரு தடவயும் ஒவ்வொரு மாதிரி சொல்லுது. உங்களப் பத்திச் சொன்னது இன்னைக்குத்தான்."

சென்றாயன் தலையைத் துண்டால் துடைத்தார். முகத்தையும் துடைத்தார். துடைக்கத் துடைக்க நிற்கவில்லை.

"பானையில இருக்கறத எல்லாங் கொட்டி இடி," என்றார்.

பிறகு அந்தப் பெண்ணின் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். தன் வயதில் பாதி கூட இல்லாதவளிடம் கும்பிடுவதுபோல் கையை வைத்துக்கொண்டார்.

"இன்னொரு தடவ கேளு தாயி. இன்னும் ஏதாச்சும் சொல்லும்."

காவியாவின் சிரிப்பு எப்போதோ போயிருந்தது. பழையதை விட்டுவிட்டு, முதலிலிருந்து கேட்டாள். போனில் ஒரு வட்டம் சுற்றியது. ராமக்கா உலக்கையைச் சாத்திவிட்டுக் கிட்டே வந்து நின்றாள்.

எழுத்து வரிசையாக வந்து விழுந்தது. காவியா வாய்விட்டுப் படிக்கவில்லை.

"என்ன சொல்லுது?"

"'மதியம் ஒரு மணி,'" என்று ஆரம்பித்தவள் குரலைத் தாழ்த்தினாள். "'மலையிலிருந்து இறங்கித் தர்மபுரி டவுனில் சாப்பாடு. வத்தல்மலையில் சாப்பிட இடம் இருப்பதாகத் தகவல் இல்லை.'"

விரலால் தள்ளித் தள்ளிக் கடைசி வரை தேடினாள். ராமக்கா வீடு என்று ஒன்று அதில் எங்குமே இல்லை.