உதவிக்கு அழைக்கவும்

ஒரு மாதமாகச் செத்துக் கிடந்த இணையதளம் இன்று காலையில் பார்த்தால் உயிரோடிருந்தது.

பெரியக்காவுக்குத் தலைகால் புரியவில்லை.

புருஷனின் அடிக்குத் தப்பி ஓடிவரும் பெண்களுக்காக அவள் ஒரு விடுதி நடத்திக்கொண்டிருந்தாள். அவர்கள் உதவி கேட்டு எழுதுவது அந்தத் தளத்தில்தான். அதே நீல நிறம், அதே படம், மேலே அதே எழுத்தில் 'பயப்படாமல் எழுதுங்கள்'.

கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் கொழுந்தனுக்கு உடனே போன் போட்டாள்.

"ஒருவழியா சரி பண்ணிட்டியேப்பா! நல்லா இருப்ப."

"நான் இன்னும் கையே வைக்கலையே, அண்ணி."

அவனும் தளத்தைத் திறந்து பார்த்தான். தட்டுத் தடுமாறி விளக்கினான்.

தளத்தின் பெயரை வாங்கியது ஓரிடத்தில். அந்தப் பெயரைத் தேடி வருகிறவர்களுக்கு வழிகாட்டும் வேலையை ஒரு பொது டி.என்.எஸ். சேவையிடம் ஒப்படைத்திருந்தான். வேறு சேவைக்கு மாறலாம் என்று போன மாதம் அங்கிருந்த கணக்கை மூடினான். பெயர் வாங்கிய இடத்தில் மட்டும், 'வழியை அவர்களிடமே கேளுங்கள்' என்ற குறிப்பு அப்படியே நின்றுவிட்டது. அப்புறம் செய்யலாம், அப்புறம் செய்யலாம் என்று விட்டதுதான்.

அந்தச் சேவையோ, இந்தப் பெயர் உன்னுடையதுதானா என்று யாரையும் கேட்பதில்லை. புதிதாகக் கணக்குத் திறந்து பெயரைச் சேர்த்தவன் கைக்குத் தளமும் போகும், மின்னஞ்சலும் போகும்.

"எவனோ எடுத்துட்டான் அண்ணி. நாலஞ்சு நாள் ஆகியிருக்கும் போல."

பெரியக்கா பக்கத்தைக் கீழே நகர்த்தினாள். அடியில் இருந்த உதவி எண் விடுதியுடையது அல்ல.

அந்த எண்ணை அழைத்தாள். ஓர் ஆண் எடுத்தான். இதமான குரல். பெற்ற தகப்பன்கூட அவ்வளவு பரிவாகப் பேசமாட்டான்.

"பயப்படாதீங்கம்மா. எங்க நிக்கிறீங்கன்னு மட்டும் சொல்லுங்க, வண்டி அனுப்புறோம்."

அவள் போனை அணைத்துவிட்டு, அப்படியே சுவரோரமாக உட்கார்ந்துவிட்டாள்.

விடுதிக்குச் சொந்தமாக ஒரு சைக்கிள்கூடக் கிடையாது.

நேற்று சாயங்காலம், விடுதியிலிருந்து எப்போதோ அச்சடித்துக் கொடுத்த துண்டுச்சீட்டில் இருந்த எண்ணைப் பார்த்து, முன்பின் தெரியாத ஒருத்தி கூப்பிட்டிருந்தாள். மூச்சு வாங்கியது. ஆனாலும் குரலில் அப்படியொரு நிம்மதி.

"நீங்க எழுதின மாதிரியே வண்டி வந்துருச்சுக்கா. பாப்பாவையும் தூக்கிக்கிட்டு ஏறிட்டேன்."

ராங் நம்பர் என்று சொல்லி, பெரியக்காதான் வைத்துவிட்டாள்.