அவளினும் வல்லவள்

கார்காலம் ஊரின்மேல் கனத்துக் கவிந்திருந்தது; நண்பகலிலும் விளக்கு வேண்டியிருந்தது. ஆறு பெருகி ஓடம் நின்றுவிட்டது. ஊரில் இரண்டே மருத்துவச்சிகள். பொன்னுத்தாயினும் வல்லவள் என்று அனைவரும் போற்றும் செங்கமலம், இன்று தானே வலியில் துடித்தாள். குழந்தை குறுக்கே கிடந்தது. பேறு எளிதாகுமென்று வீட்டின் முடிச்சுகளெல்லாம் அவிழ்த்து, பெட்டிகளெல்லாம் திறந்துவைத்தும் பயனில்லை. மற்ற மருத்துவச்சியான பொன்னுத்தாய் அருகில் அமர்ந்து கைகளில் எண்ணெய் தடவிக்கொண்டாள்.

“பயமா இருக்குடி. உன்னளவுக்கு எனக்கு எங்க கைவரும்?”

“என் கை எனக்கே எட்டாதேடி! இன்னைக்கு என்னைவிட நீதான் கெட்டிக்காரி. புள்ளையைத் திருப்பு, நான் சொல்றேன்.”

பொன்னுத்தாய் எண்ணெய் தோய்ந்த கைகளைக் குவித்து, தாயாகி வந்து மகப்பேறு பார்த்த ஈசனை நினைந்தாள். அக்கைகளைச் செங்கமலம் பற்றித் தன் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள்.

“உன் கை நல்லாயிருக்கணும்டி.”