தீவில் ஒடித்த கிளை

"இன்னா கேட்டாலும் தெரியாதுன்னே சொல்லு. உளறி வெச்சியோ, பொண்ணு வேலை பூடும்!" என்றார் தேவசகாயம். படகு உப்பங்கழியைக் கடந்து தீவுத் தோட்டத்தை நெருங்கிக்கொண்டிருந்தது.

சந்திரம்மா தலையாட்டினாள். அவர்கள் மகள் ஜெனிஃபர் அந்தத் தாவரத் தோட்டத்தில்தான் டிக்கெட் கொடுக்கிறாள். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. நேற்று அதிகாரி ஜெயக்குமார், "நாளைக்கு உங்க அம்மாவை வரச் சொல்லு" என்றிருந்தார். காரணம் சொல்லவில்லை.

காரணம் சந்திரம்மாவுக்குத் தெரியும். போன வருஷம் சுற்றிப் பார்க்க வந்தபோது, வாயில் நுழையாத பேர் எழுதிய ஒரு நீலப்பூச் செடியில் கிளை ஒடித்து, டிபன் பையில் ஒளித்துக்கொண்டு போனாள். கேட்டு வாங்கினால் செடி தழைக்காது, திருடி வைத்தால்தான் தழைக்கும் என்பது அவள் கட்சி. அவர்கள் ஊரான புதுப்பட்டினத்தில் பாஸ்டர் வீட்டு ரோஜாகூட அவள் கைக்குத் தப்பியதில்லை.

தோட்ட அலுவலகத்தில் ஜெயக்குமார் செல்போனை நீட்டினார். யாரோ இணையத்தில் போட்ட பழைய செல்ஃபி. பின்னால் சந்திரம்மா. ஒரு கை செடியில், ஒரு கை பையில்.

"இது நீங்கதானேம்மா?"

"பூவ மோந்து பார்த்தேன் சார். அவ்ளோதான்."

"கிளையை ஒடிக்கலையா?"

"ஐயோ, இல்ல சார்! வோணும்னா இப்பவே வூட்டாண்ட வந்து தேடுங்க. ஒரு இலை கெடச்சாலும் என்னைப் போலீஸ்ல புடிச்சிக் குடுங்க."

குரலில் அப்படி ஒரு தைரியம். ஓரமாக நின்ற ஜெனிஃபர் நகத்தைக் கடித்தாள்.

ஜெயக்குமார் கண்ணாடியைக் கழற்றினார்.

"கேஸ் போடக் கூப்பிடலம்மா. அந்தச் செடி மழையில வேர் அழுகிச் செத்துப்போச்சு. எட்டு வருஷம் பிள்ளை மாதிரி வளர்த்தேன். எங்கெங்கயோ கேட்டுட்டேன், இன்னொண்ணு கிடைக்கல. இந்தப் போட்டோவைப் பார்த்த பிறகுதான் எனக்கு உயிரே வந்துச்சு. உங்க வீட்ல அது இருந்தா சொல்லுங்கம்மா, கையெடுத்துக் கும்பிடுறேன்."

அவர் கண்கள் கலங்கியிருந்தன.

சந்திரம்மா புருஷனைப் பார்த்தாள். தேவசகாயம் தரையைப் பார்த்தார்.

"இருந்துச்சு சார். வாசலாண்ட கொத்துக் கொத்தா பூத்துக்கினு இருந்துச்சு" என்றாள் அழுகையோடு. "காலைலதான் இவரு வேரோட புடுங்கி, பக்கத்து வூட்டு ஆட்டுக்குப் போட்டாரு."