தூங்கினது யாரு?

“கார்டைக் கழட்டி டப்பாவுல போடு. அப்புறம் மெஷின்ல கை வை!”

காலையில் உள்ளே நுழைந்ததுமே சைரன் அக்கா ஆரம்பித்துவிட்டாள். தலையணை தைக்கும் அந்தக் கம்பெனியில் தையல் பகுதிக்கு அவள்தான் சூப்பர்வைசர். சொந்தப் பெயர் யாருக்கும் ஞாபகமில்லை. அவள் ஒரு அதட்டல் போட்டால் வாசலில் நிற்கிற லாரிக்காரனே தான் ஏதோ தப்பு பண்ணிவிட்டதாக நினைத்துக்கொள்வான்.

“கார்டு என் கழுத்துல கிடந்தா உங்களுக்கு எங்கேக்கா வலிக்குது?” என்றாள் சின்னவள். அந்தப் பகுதியில் வயதில் குறைந்தவள் அவள்தான்.

“கயிறு மெஷின்ல மாட்டிக்கும்டி. உன் கழுத்து போனா போகட்டும், மெஷின் போயிடும். போடு!”

கயிறாம், மெஷினாம்! விஷயம் அதில்லை என்று எல்லோருக்கும் தெரியும்.

போன மாதம்தான் பெண்களுக்கென்று ஓய்வறை திறந்தார்கள். கட்டில், ஏசி, சுவரில் ‘நன்றாகத் தூங்குங்கள், நன்றாக உழையுங்கள்’ என்று பெரிய எழுத்து. தலைமை அலுவலகத்து அதிகாரி ரிப்பன் வெட்டினார்.

“அசதியா இருந்தா யாரையும் கேட்க வேண்டாம்மா. கார்டைக் காட்டுங்க, கதவு திறக்கும். தூக்கம் உங்க உரிமை.”

சின்னவளைக் கட்டிலில் படுக்கவைத்துப் போட்டோ எடுத்தார்கள். “கொஞ்சம் சிரிச்ச மாதிரி தூங்குங்க” என்றான் போட்டோக்காரன்.

மறுநாளே எல்லோருடைய கார்டையும் வாங்கி டப்பாவில் போட்டுப் பூட்டிவிட்டாள் சைரன். அன்றிலிருந்து தினமும் இதே கூத்துதான்.

சின்னவளுக்கு வீட்டில் கைக்குழந்தை. ராத்திரி அது தூங்கவிடாது, பகலில் இந்த மெஷின் தூங்கவிடாது. அன்றைக்கும் மதியத்துக்கு முன்னால் ஒரு நொடி கண் சொக்கியது. ஊசி நகத்தில் இறங்கிவிட்டது.

“ஐயோ, அக்கா!”

சைரன் ஓடிவந்தாள். “உறையில ரத்தம் படப் போவுது, தள்ளி வை!” என்றாள் முதலில். அப்புறம்தான் துணிக் கிழிசலால் விரலைச் சுற்றினாள். “தூங்கி வழியறதுக்கா வேலைக்கு வர்றே? போய் மூஞ்சியைக் கழுவு.”

“கொஞ்ச நேரம் படுத்துட்டு வரேன்க்கா. என் கார்டைக் குடுங்க.”

“கார்டெல்லாம் கிடையாது.”

“அவர் எல்லார் முன்னாடியும் சொன்னாரேக்கா, உரிமைன்னு!”

“பெரிய உரிமையைக் கண்டுட்டா. வா இங்கே.”

தரதரவென்று இழுத்துப்போனாள். தன் கழுத்துக் கார்டைக் கதவில் காட்டினாள். திறந்ததும் ஒரு தள்ளு. “போய்த் தொலை. நான் வந்து எழுப்புவேன்.”

படுத்தவளுக்குத் தூக்கம் எங்கே வரும்? உடம்பு முழுக்கக் கோபம்தான் வந்தது.

சாப்பாட்டு இடைவேளையில் எல்லோரும் பொரிந்து தள்ளினார்கள்.

“ஊருக்கெல்லாம் தூக்கம் தைச்சுக் குடுக்கிறோம். நாம கண்ணை மூட இவகிட்ட கையேந்தணும்” என்றாள் பஞ்சு அடைக்கிறவள்.

“நேத்து எனக்கும் அப்படித்தான். நாயை விரட்டற மாதிரி உள்ளே தள்ளினா.”

“கதவு திறக்கற பதவி கிடைச்சதுல மகாராணிக்குத் தலைகால் புரியலை.”

“நாளைக்கு அந்த அதிகாரி வர்றார். நேராப் போய்ச் சொல்லிடுவோம்.”

“யாரு சொல்றது?”

எல்லோரும் சின்னவளின் கட்டுப்போட்ட விரலைப் பார்த்தார்கள்.

“நானே சொல்றேன். வேலை போனாலும் பரவாயில்லை. இவளை இனிமே விடக் கூடாது.”

மறுநாள் அதிகாரி வந்தார். வந்ததும் வராததுமாகச் சைரனைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். சின்னவள் என்னென்ன சொல்ல வேண்டும் என்று முணுமுணுத்தபடி பின்னாலேயே போனாள். கதவு சரியாக மூடவில்லை. அதிகாரியின் குரல் நன்றாகவே கேட்டது.

“சூப்பர்வைசருங்க மீட்டிங்ல அத்தனை தடவை சொன்னேனேம்மா, அந்த அறை எதுக்குன்னு! யாரால தாக்குப் பிடிக்க முடியலைன்னு நமக்குத் தெரியணும். யார் கார்டு கதவை அதிகமாத் திறக்குதோ, அவங்களை முதல்ல வேலையை விட்டு அனுப்பணும். மத்த பகுதியில எல்லாம் ஆளைக் குறைச்சாச்சு. உங்க பகுதியில ஒருத்தி கார்டுகூடக் கதவைத் தொடலை. எல்லாம் உங்க கார்டு!”

அதிகாரி நாற்காலியை முன்னால் இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

“பொம்பளைங்க படுக்கிற இடம், உள்ளே கேமரா வைக்க முடியாது. அதனால கேட்கிறேன். உங்க கார்டுல யார் யாரை உள்ளே விட்டீங்க? பேரைச் சொல்லுங்க. உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகாது. சொல்லலைன்னா இன்னைக்கே நீங்க கிளம்பலாம்.”

சின்னவள் தன்னையறியாமல் கதவில் கை வைத்துவிட்டாள். அது திறந்துகொண்டது.

“என்னம்மா? ஏதாவது சொல்லணுமா?” என்று நிமிர்ந்தார் அதிகாரி.

சின்னவள் வாயைத் திறப்பதற்குள் சைரன் ஒரு கத்து கத்தினாள்.

“இங்கே என்னடி வேடிக்கை? போய் உன் வேலையைப் பாரு!”

அப்புறம் அதிகாரியின் பக்கம் திரும்பினாள்.

“வேற யாரும் இல்லை சார். எல்லாத் தடவையும் நான்தான் தூங்கினேன்.”