வின்டனா, டுப்ரேயா?

"டுப்ரே" என்றான் ஜெரோம், மழைக்கோட்டைக்கூடக் கழற்றாமல்.

நார்பர்ட்டின் பீர் வாய்க்குப் போகும் வழியில் நின்றது.

நான் நார்பர்ட்டைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்தான். இது எங்கள் திட்டத்தில் இல்லை.

ஏப்ரல் கடைசி. மணி ஆறரை. எட்டு மணிக்கு டிராஃப்ட். கல்லூரியிலிருந்து வரும் ஆட்டக்காரர்களை அமெரிக்கக் கால்பந்து அணிகள் வரிசைப்படி பொறுக்கிக்கொள்ளும் நாள். எங்கள் அணிக்கு இரண்டாவது இடம். வேண்டியது ஒரு குவார்ட்டர்பேக். பந்தை எறிய ஒழுங்காக ஒருவன் அமையாமலே எங்கள் மூவருக்கும் தலை நரைத்துவிட்டது.

பெர்னியின் பாரில் எங்களுக்கு ஒரு சட்டம் உண்டு. மூவரும் ஒரே பெயரைச் சொல்லும்வரை சாப்பாட்டுத் தட்டு மேஜைக்கு வரக்கூடாது. பத்தொன்பது வருஷச் சட்டம். அணியின் மேலாளர் ஒருமுறைகூட எங்களைக் கேட்டதில்லை என்பது வேறு விஷயம்.

இந்த வருஷம் இரண்டே பெயர்கள்.

வின்டன். வயது இருபத்துநாலு. சீசன் தொடங்கும் செப்டம்பரிலேயே களத்தில் இறக்கலாம். இறங்கியதும் ஜெயிப்பான். அதற்கு மேல் வளரமாட்டான்.

டுப்ரே. இருபது. லூசியானா பையன். எழுபது கஜம் எறிவான். எங்கே விழும் என்பது பந்துக்கே தெரியாது. மூன்று வருஷம் பெஞ்சில் உட்கார்த்தி வைத்துப் பழக்கினால், அப்புறம் பத்து வருஷத்துக்குக் கவலையில்லை.

நானும் நார்பர்ட்டும் ஆரம்பத்திலிருந்தே டுப்ரே கட்சி. ஜெரோம் வின்டன் கட்சி.

காரணத்தை அவனே சொல்லியிருந்தான். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம், இதே மேஜையில்.

"மூணு வருஷமெல்லாம் எங்கிட்ட ஏதுடா? இந்த வருஷமே ஜெயிக்கிறவனைக் கொண்டா."

இரண்டு வருஷத்துக்கு முன் அவனுக்குக் குடலில் புற்றுநோய் ஆபரேஷன். டிசம்பர் ஸ்கேனில் ஈரலில் ஒரு புள்ளி தெரிந்திருந்தது.

அந்தப் புள்ளி என்ன ஆயிற்று என்று இன்று காலை பதினோரு மணிக்கு டாக்டர் சொல்லியிருக்க வேண்டும். மத்தியானம் முழுக்க நாங்கள் மாற்றி மாற்றிப் போன் செய்தோம். எடுக்கவில்லை. நாலைந்து தடவை வெட்டியும் விட்டான்.

நல்ல சேதியென்றால் மனுஷன் எடுத்திருப்பான்.

அதனால்தான் நார்பர்ட்டின் வண்டிக்குள் உட்கார்ந்து ரகசியமாக முடிவு செய்தோம். இன்றைக்கு இரண்டு பேருமே வின்டன். வாதம் கிடையாது. ஜெரோம் வந்ததும் சட்டென்று ஒத்துப்போய், வெங்காயம் வதக்கிப் போட்ட பியெரோகிக் கொழுக்கட்டை மூன்று தட்டு வரவழைத்துவிட வேண்டும்.

வந்தவன் டுப்ரே என்கிறான்.

"வின்டன்தாண்டா" என்றேன்.

"என்னது?" ஜெரோம் நாற்காலியை இழுத்துப் போட்டான். "வின்டன் வாடகைக் கார், ஊருக்குள்ள ஓட்டத்தான் ஆகும்னு போன வாரம் சொன்னது யாரு? நீதானே ரே?"

"யோசிச்சுப் பார்த்தேன்."

"நீயா? யோசிச்சியா?" கவுண்டருக்குப் பின்னாலிருந்து பெர்னி சிரித்தாள்.

நார்பர்ட் உதவிக்கு வந்தான். "வின்டன் கை நிதானம்டா. மூணு பந்துக்கு ரெண்டு, ஆள் நெஞ்சுலயே போய் உக்காருது."

"அஞ்சு கஜத்துல நிக்கிறவனுக்கு எறிஞ்சா உக்காராம? நவம்பர்ல ஏரிக்காத்து அடிக்கும்போது அவன் பந்து காகிதம் மாதிரி பறக்கும்னு மேஜையைத் தட்டிச் சொன்னியே, மறந்துட்டியா?"

நார்பர்ட்டுக்கு மறக்கவில்லை. பீரை எடுத்து மடக்கென்று குடித்தான்.

எங்கள் வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்து எங்கள் தலையிலேயே போட்டான் ஜெரோம். துளியும் நம்பாத ஒன்றுக்காக நாங்கள் தொண்டை கிழியக் கத்தினோம்.

"எண்ணெய் காயுது, முடிவு பண்ணித் தொலைங்கப்பா" என்றாள் பெர்னி.

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

விட்டுக்கொடுக்கிறான். தான் பார்க்கப்போகாத வருஷங்களை எங்கள் பேரில் எழுதி வைக்கிறான்.

நார்பர்ட்டுக்கும் அதே நொடியில் உறைத்திருக்க வேண்டும். அவனுக்கு அழுகை வந்தால் கோபமாகத்தான் வெளியே வரும்.

"எங்களுக்காக நீ ஒண்ணும் தியாகம் பண்ண வேணாம்!" மேஜையில் குத்தினான். "அந்தப் பையன் தேற மூணு வருஷம் ஆகும்டா மடையா. மூணு வருஷம் கழிச்சு நீ..."

நிறுத்திக்கொண்டான்.

பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"சொல்லு" என்றான் ஜெரோம். "மூணு வருஷம் கழிச்சு நான்?"

நார்பர்ட் பீர்க் கிளாஸை மேஜையில் சுற்றினான்.

"டாக்டரைப் பார்த்துட்டு வந்து கார்ல உக்காந்தேன்" என்றான். "வண்டியை எடுக்கத் தோணலை. போன்ல டுப்ரேவோட ஆட்டம் ஒண்ணு, அவன் எறியறதை மட்டும் அரை மணியாச் சுருக்கினது, போட்டேன். அப்புறம் இன்னொண்ணு. போன சீசன்ல அவன் ஆடின பன்னண்டையும் பார்த்துட்டேன். பையன் முக்கியமா எறியப்போற நேரமாப் பார்த்து நீங்க ரெண்டு பேரும் கூப்பிட்டுக் கழுத்தறுத்தீங்க. வெட்டி வெட்டி விட்டேன்."

"பன்னண்டுமா?" என்றேன்.

"இத்தனை மாசமா அவன் ஆட்டம் ஒண்ணுகூட நான் பார்த்ததில்லைடா. பார்த்து என்ன ஆகப்போகுதுன்னு விட்டுட்டேன்."

நார்பர்ட் மேஜையைப் பார்த்தபடி கேட்டான். "அடுத்த ஸ்கேன் எப்போ?"

மூன்று மாசத்துக்கு ஒன்று என்பது எங்களுக்கு மனப்பாடம்.

"அடுத்த ஏப்ரல்ல வந்தா போதுமாம்."

நார்பர்ட் கண்ணாடியைக் கழற்றினான். சட்டை நுனியில் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான். மாட்டிக்கொண்டபோது அவன் குரல் பழையபடி கறாராக இருந்தது.

"மூணு வருஷத்துல எல்லாம் அவன் தேறமாட்டான். அஞ்சு ஆகும்."

"ஆகட்டுமே" என்றான் ஜெரோம்.